உடல் இல்லாத செயற்கூறு: ரஸ்ட் மொழியில் இன்ட்ரின்சிக்குகளைக் கையாள்வது எப்படி

"அக்கா, இந்தச் செயற்கூற்றுக்கு உடலே இல்லை" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து தம்பி கூப்பிட்டான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஓர் எண்ணில் எத்தனை 1 பிட்டுகள் இருக்கின்றன என்று சொல்லும் 'கவுண்ட்_ஒன்ஸ்' எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க ரஸ்ட்டின் மூலநிரலுக்குள் இறங்கியிருக்கிறான். அங்கே இருந்தது ஒரே வரி: 'இன்ட்ரின்சிக்ஸ்::சிடிபாப்' என்பதை அழை. சரி என்று அதற்குள்ளும் இறங்கினால் ஒரு பெயர், ஓர் உள்ளீடு, விடை யு32 (32 பிட் முழு எண்) என்ற குறிப்பு, ஓர் அரைப்புள்ளி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கிணறு வெட்டும்போது பாறையில் கடப்பாரை இடித்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

இப்படி, உடலைக் கம்பைலரே (நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் கருவி) தரும் செயற்கூறுதான் இன்ட்ரின்சிக். அன்று மதியம் முழுக்க அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிரலில் வரும் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாறிகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. ரஸ்ட் 1.53 முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் 'தூரம்' என்று வைத்திருக்கிறேன்; கம்பைலர் இதுவரை முகம் சுளித்ததில்லை.

எங்கள் வேலை இதுதான். ஸ்கேன் செய்த பழைய ஆவணப் பக்கங்கள் 40,000. சில பக்கங்கள் இரண்டு முறை, மூன்று முறை ஸ்கேன் ஆகியிருந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் 256 பிட் நீளத்தில் ஒரு கைரேகை கணக்கிட்டு வைத்திருந்தோம். அதாவது நான்கு யு64 (64 பிட்) எண்கள். இரண்டு பக்கங்கள் ஒன்றா என்று பார்க்க, இரண்டு கைரேகைகளையும் எக்ஸ்ஓஆர் (வேறுபடும் இடங்களில் மட்டும் 1 தரும் கணக்கு) செய்து, வேறுபடும் பிட்டுகளை எண்ண வேண்டும். ஹாமிங் தூரம் என்பார்கள். எல்லாப் பக்கங்களையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 80 கோடி இணைகள். இணைக்கு நான்கு முறை என்றால், பிட் எண்ணும் வேலை மட்டும் 320 கோடி முறை. அந்த ஒற்றை வரிக்குள் என்ன நடக்கிறது என்று தம்பி கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

முதலில் வெறுமனே எழுதுங்கள்

'(அ ^ ஆ).கவுண்ட்_ஒன்ஸ்()' என்பதை நான்கு யு64 எண்களுக்கும் செய்து கூட்டுங்கள். முதல் நாள் இதற்கு மேல் எதையும் தொட வேண்டாம். இன்ட்ரின்சிக் என்றதும் பலர் நேராகச் சிப் நிறுவனத்தின் கையேட்டைத் திறந்து, அடிக்கோடுகளில் தொடங்கும் பெயர்களைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அந்த அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. கவுண்ட்_ஒன்ஸ் என்று எழுதியபோதே நீங்கள் ஓர் இன்ட்ரின்சிக்கைப் பயன்படுத்தியாயிற்று. அது என்னவாக மாறுகிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

சாதாரணச் செயற்கூற்றுக்கு யாராவது உடல் எழுதியிருப்பார்கள். கம்பைலர் அதைப் படித்து மொழிபெயர்க்கும். இன்ட்ரின்சிக்கின் உடலோ கம்பைலருக்குள்ளேயே இருக்கிறது. மூலநிரலில் இருப்பது அறிவிப்பு மட்டும்: இந்தப் பெயர், இந்த வகை உள்ளீடு, இந்த வகை விடை. முன்பெல்லாம் இவற்றை 'எக்ஸ்டர்ன் "ரஸ்ட்-இன்ட்ரின்சிக்"' என்ற தனிக் கட்டத்துக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது ஒவ்வொன்றின் தலையிலும் 'ரஸ்ட்சி_இன்ட்ரின்சிக்' என்ற குறி இருக்கிறது. சிலவற்றுக்கு மாற்று உடல் ஒன்றும் எழுதி வைத்திருப்பார்கள்: பின்முனைக்கு (இயந்திர ஆணைகளை உருவாக்கும் பகுதிக்கு) அந்த இன்ட்ரின்சிக் தெரியாவிட்டால் அந்த உடலை எடுத்துக்கொள்ளட்டும் என்று. சிடிபாப்புக்கு அப்படி இல்லை. பின்முனைக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

சிடிபாப் போகும் பாதையைப் பார்ப்போம். முதலில் வகைச் சோதனை. அறிவிப்பு சொல்லும் வடிவமும் கம்பைலர் எதிர்பார்க்கும் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். அடுத்து, மாறிலி ஒன்றின் மதிப்பாகக் கேட்டிருந்தால், கம்பைலருக்குள் இருக்கும், நிரலை அங்கேயே ஓட்டிப் பார்க்கும் சிறு இன்டர்ப்ரெட்டர் கம்பைல் நேரத்திலேயே விடையைக் கணக்கிட்டுவிடும். இயந்திர ஆணை எதுவும் பிறக்காது. அதற்கடுத்து எம்ஐஆர் என்ற இடைநிலை வடிவம். 'சைஸ்_ஆஃப்', 'ராப்பிங்_ஆட்' போன்ற எளிய இன்ட்ரின்சிக்குகள் அங்கேயே கரைந்து சாதாரணக் கணக்குகளாகிவிடும். சிடிபாப் கரையாது. அது ரஸ்ட்டின் வழக்கமான பின்முனையான எல்எல்விஎம்மிடம் போய், 'எல்எல்விஎம்.சிடிபாப்.ஐ64' என்று அங்கேயும் ஓர் இன்ட்ரின்சிக்காகவே நிற்கும். கடைசியில், இயந்திர ஆணைகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் எல்எல்விஎம் ஒரு கேள்வி கேட்கும்: இந்தச் சிப்பில் இதற்கு நேரடி ஆணை இருக்கிறதா? இருந்தால் ஒரே ஆணை. இல்லாவிட்டால் அதே பொருளைத் தரும் கணக்குகளின் கோவை.

தம்பியை இடித்த பாறை உண்மையில் ஒரு வாசல். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பொருளைப் பற்றிய உறுதி மட்டுமே; எந்த ஆணை வரும் என்பதைப் பற்றிய உறுதி எதுவும் அதில் இல்லை. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதியாததால்தான் பின்னால் வரும் குழப்பங்களில் முக்கால்வாசி.

வெளிவந்ததைப் பாருங்கள்

'ரஸ்ட்சி -ஓ --எமிட்=ஏஎஸ்எம்' என்று கட்டளை கொடுத்தால், இயந்திர ஆணைகளைப் படிக்கும் வடிவில் காட்டும் அசெம்பிளிக் கோப்பு கிடைக்கும். நூலகமாகக் கம்பைல் செய்கிறீர்கள் என்றால் ஒரு சிறு தடை வரும்: சின்னஞ்சிறு செயற்கூறுகளை, அழைக்கும் இடத்திலேயே உடலை விரித்துக்கொள்ளலாம் என்று கம்பைலர் வெளியிடாமலே விட்டுவிடும். கோப்பைத் திறந்தால் உங்கள் செயற்கூற்றையே காணோம் என்று இருக்கும். தலையில் 'இன்லைன்(நெவர்)' என்று எழுதுங்கள், வந்துவிடும். அவசரத்துக்குக் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையக் கருவியில் ஒட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். இடதுபக்க வரிக்கு எந்த வலதுபக்க வரி என்று நிறமிட்டுக் காட்டும்.

தம்பி முதல் முறை பார்த்தபோது, 1 பிட்டுகளை எண்ணும் பாப்கன்ட் என்ற ஆணை அதில் இல்லை. நகர்த்து, மறை, கழி, கூட்டு, பெருக்கு என்று ஒரு படை நின்றது. "கம்பைலர் சோம்பேறித்தனம் செய்கிறதோ" என்றான். அது அப்பாவி. இலக்கு எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டியின் 64 பிட் சிப் வகை) என்று மட்டும் சொன்னால், 2003-இல் வந்த முதல் 64 பிட் ஏஎம்டி சிப்பிலும் ஓட வேண்டும் என்று பொருள். பாப்கன்ட் ஆணை ஏஎம்டியில் 2007-இலும், இன்டெலில் 2008-இல் நெஹாலம் வரிசையோடும்தான் வந்தது. நீங்கள் அனுமதி கொடுக்காமல் அதை எழுத கம்பைலருக்கு உரிமை இல்லை.

அந்தப் படை என்ன செய்கிறது என்று ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். 8 பிட்டே போதும். 10110110 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டிரண்டாக வெட்டினால் 10, 11, 01, 10. ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள 1-களை எண்ணி அந்த ஜோடியின் இடத்திலேயே எழுதினால் 1, 2, 1, 1. பக்கத்துப் பக்கத்து விடைகளைக் கூட்டினால் 3, 2. இன்னொரு முறை கூட்டினால் 5. எல்லா ஜோடிகளும் ஒரே ரெஜிஸ்டருக்குள் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஒரே நேரத்தில் எண்ணப்படுவதுதான் அழகு. 64 பிட்டில், பதினாறடிமானத்தில் வேண்டாத பிட்டுகளை மறைக்கும் 5555… என்ற முகமூடி ஜோடிகளுக்கு, 3333… நான்கு பிட் குழுக்களுக்கு, 0எஃப்0எஃப்… பைட்டுகளுக்கு. கடைசியில் எட்டு பைட்டுகளின் விடைகளையும் தனித்தனியாகக் கூட்டாமல், 0101… என்ற எண்ணால் ஒரு பெருக்கல். மொத்தமும் உச்சிப் பைட்டில் வந்து சேரும். 56 இடம் வலப்பக்கம் நகர்த்தினால் கையில் விடை.

எண்ணினால் முதல் படியில் 3 கணக்குகள், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 3, பெருக்கலும் நகர்த்தலும் 2. ஆக 12. முகமூடிகளை ரெஜிஸ்டரில் ஏற்றுவது தனி. இதன் இடத்தில் ஒரே ஆணை வரும் என்றால் 320 கோடி முறையில் என்ன மிச்சம் என்று தம்பியே கணக்குப் போட்டுக்கொண்டான்.

சி மொழிக்காரர்களுக்கு ஒரு குறுக்குக் குறிப்பு. ஜிசிசி என்ற சி கம்பைலரில் 'பில்டின்_பாப்கவுண்ட்' என்று எழுதி வெறும் எக்ஸ்86-64-க்குக் கம்பைல் செய்தால், இந்தக் கோவை அந்த இடத்திலேயே விரியாது. 'பாப்கவுண்ட்டிஐ2' என்ற துணைச் செயற்கூற்றுக்கு அழைப்பு போகும். அது லிப்ஜிசிசி என்ற நூலகத்தில் இருக்கிறது. அந்த நூலகத்தை இணைக்காத இடத்தில், உதாரணமாக ஓர் இயங்குதளக் கருவை எழுதும்போது, "ஒரே ஓர் ஆணைதானே கேட்டேன்" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றுசேர்க்கும் லிங்க்கர் காணாத பெயர் ஒன்றைச் சொல்லி நின்றுவிடும். கிளாங் என்ற மற்றொரு சி கம்பைலர் அப்படிச் செய்வதில்லை. ரஸ்ட்டைப் போலவே கோவையை அங்கேயே விரிக்கும். பொருள் ஒன்றுதான், வேலைக்காரர்கள் வேறு.

ஆணையைத் திறந்துவிடுவதும், நான் பட்ட பாடும்

அனுமதி கொடுக்க இரண்டு வழிகள். '-சி டார்கெட்-ஃபீச்சர்=+பாப்கன்ட்' என்றால் அந்த ஓர் ஆணையை மட்டும் திறந்துவிடும். '-சி டார்கெட்-சிபியு=எக்ஸ்86-64-வி2' என்றால், எக்ஸ்86-64 சிப்புகளுக்கு 2020-இல் வகுத்த நிலைகளில் இரண்டாவது: பாப்கன்ட், எஸ்எஸ்இ4.2 முதலியவை அதில் அடக்கம். மூன்றாவது நிலையில், ஒரே ஆணையில் பல எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ்2-உம் எல்இசட்கன்ட் முதலானவையும் சேரும். இப்போது அசெம்பிளியைப் பாருங்கள். படை கலைந்து நான்கு பாப்கன்ட்கள் நிற்கும். சில சமயம் ஒவ்வொன்றுக்கும் முன்னால், ரெஜிஸ்டரைத் தன்னோடு தானே எக்ஸ்ஓஆர் செய்யும் ஒரு வெட்டி வரியும் இருக்கும். அது வெட்டி அல்ல. சாண்டி பிரிட்ஜ் முதல் ஸ்கைலேக் வரையிலான இன்டெல் சிப்புகளில், விடை எழுதப்போகும் ரெஜிஸ்டரின் பழைய மதிப்புக்காகவும் பாப்கன்ட் தேவையில்லாமல் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை அறுக்கத்தான் கம்பைலர் அந்த வரியை வைக்கிறது. கையால் அசெம்பிளி எழுதியிருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: 'டார்கெட்-சிபியு=நேட்டிவ்'. இந்தக் கணினியில் என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் பயன்படுத்து என்று பொருள். சில ஆண்டுகளுக்கு முன் நான் இப்படித்தான் கம்பைல் செய்து, சோதனைகள் எல்லாம் பச்சை காட்ட, ஒரு வாடிக்கையாளரின் சர்வருக்கு அனுப்பினேன். இரவு பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது. நிரல் தொடங்கியதும் செத்துவிடுகிறது. செய்தி என்ன என்று கேட்டால், 'முறையற்ற ஆணை', வெளியேறும் எண் 132. 128-உடன் சிக்னல் எண் 4 சேர்ந்தால் 132. சிக்னல் 4 என்பது சிப் தனக்குப் புரியாத ஆணையைச் சந்தித்ததன் அடையாளம்.

சர்வர் புத்தம் புதியது என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். பொய் இல்லை. ஆனால் நிரல் ஓடியது அதன் மேல் எழுப்பிய ஒரு மெய்நிகர் கணினிக்குள். 'எல்எஸ்சிபியு' கட்டளையை ஓடவிடச் சொன்னேன். சிப்பின் பெயராக வந்தது 'காமன் கேவிஎம் ப்ராசசர்'. கேவிஎம்64 என்ற பொதுவான வேடம் அது. மெய்நிகர் கணினிகளைப் பழைய, புதிய இயந்திரங்களுக்கிடையே ஓடும்போதே மாற்றிக்கொள்ள வசதியாக, யாரோ எப்போதோ அப்படி அமைத்து விட்டுவிட்டார்கள். பாப்கன்ட், ஏவிஎக்ஸ் எதுவுமே இல்லை என்று அந்த வேடம் சொல்லும்.

இதில் ஒரு நுணுக்கம். அங்கே நிரலைக் கொன்றது பாப்கன்ட் அல்ல. இல்லை என்று வேடம் சொன்னாலும், கீழே இருக்கும் உண்மையான சிப் பாப்கன்ட்டை நிறைவேற்றிவிடும். அதைத் தடுக்கத் தனிப் பூட்டு கிடையாது. ஏவிஎக்ஸுக்குப் பூட்டு உண்டு. அதன் அகன்ற ரெஜிஸ்டர்களை இயங்குதளம் முதலில் இயக்கிவைக்க வேண்டும். வசதி இல்லை என்று வேடம் சொன்னதை நம்பி உள்ளிருக்கும் லினக்ஸ் அதை இயக்கியிருக்காது. முதல் ஏவிஎக்ஸ் ஆணையிலேயே சாவு. நேட்டிவ் என்ற ஒரு சொல்லால் நான் கேட்காத ஏவிஎக்ஸ்2-ஐயும் கம்பைலர் உள்ளே நுழைத்திருந்தது. கேட்காதது என்று சொல்வதும் தவறுதான். நான்தான் கேட்டிருந்தேன், படிக்காமல்.

நேட்டிவ்வை என் மேசைக்கணினியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஓடும்போது கேட்டு முடிவெடுப்பது

நிரல் எங்கே ஓடும் என்று உங்கள் கையில் இல்லை என்றால், செய்ய வேண்டியது இதுதான். ஒரே கணக்கை இரண்டு வடிவங்களாக வைத்து, ஓடும் நேரத்தில் சிப்பைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ரஸ்ட் 1.27 முதல் இதற்கு வேண்டிய இரண்டு கருவிகளும் நிலையான மொழியிலேயே இருக்கின்றன. ஒன்று, செயற்கூற்றின் தலையில் எழுதும் 'டார்கெட்_ஃபீச்சர்(எனேபிள் = "பாப்கன்ட்")'. அந்த ஒரு செயற்கூற்றுக்குள் மட்டும் பாப்கன்ட்டுக்கு அனுமதி. மற்றொன்று, 'இஸ்_எக்ஸ்86_ஃபீச்சர்_டிடெக்டெட்!("பாப்கன்ட்")' என்ற மேக்ரோ. அது சிபியுஐடி ஆணை வழியாகச் சிப்பிடம் கேட்டு, விடையை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு முறை கேட்டால் போதும் என்பது முக்கியம். மெய்நிகர் கணினிக்குள் ஒவ்வொரு சிபியுஐடியும் வெளியே போய், மெய்நிகர் கணினியை நடத்தும் மேலாளர் நிரலைக் கேட்டுவிட்டு வர வேண்டியிருப்பதால் அது மலிவான ஆணை அல்ல.

இரண்டாவது வடிவத்தின் உடலில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். அதே கவுண்ட்_ஒன்ஸ்தான். தலையில் உள்ள அனுமதி மாறியதால், அதே வரி இங்கே ஒற்றை ஆணையாகும். தம்பி இதை நம்பவில்லை. அசெம்பிளியைப் பார்த்த பிறகுதான் நம்பினான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்தச் செயற்கூற்றை அனுமதி இல்லாத இடத்திலிருந்து அழைப்பதற்கு 'அன்சேஃப்' கட்டம் வேண்டும். சோதித்துவிட்டுத்தான் அழைக்கிறேன் என்று நீங்கள் கையெழுத்துப் போடும் இடம் அது. 1.86-க்கு முன் அந்தச் செயற்கூற்றையே அன்சேஃப் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. இப்போது தேவையில்லை, ஒரே அனுமதி உள்ள செயற்கூறுகள் ஒன்றையொன்று தாராளமாக அழைத்துக்கொள்ளலாம்.

எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அனுமதி உள்ள செயற்கூற்றை, அனுமதி இல்லாத செயற்கூற்றுக்குள் விரித்துவிட கம்பைலரால் முடியாது. விரித்தால் சோதனைக்கு வெளியே அந்த ஆணை கசிந்துவிடும். எனவே அது எப்போதும் உண்மையான அழைப்பாகவே இருக்கும். தம்பி 'தூரம்' என்ற சிறு செயற்கூற்றின் தலையில் அனுமதியை எழுதி, 80 கோடி முறை ஓடும் சுழலை வெளியே விட்டிருந்தான். உள்ளே நான்கு பாப்கன்ட். அவற்றைச் சுற்றி 80 கோடி அழைப்புகள், 80 கோடி திரும்புதல்கள், போதாததற்கு ஒவ்வொரு முறையும் மேக்ரோவிடம் ஒரு கேள்வி. ஒரு குவளை தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் லாரி பிடிப்பது போல.

சுழலை உள்ளே தள்ளுங்கள். 'எல்லா_இணைகளும்' என்ற பெரிய செயற்கூற்றின் தலையில் அனுமதி, அதன் வாசலில் ஒரே ஒரு சோதனை. 'தூரம்' எந்த அனுமதியும் இல்லாத சாதாரணச் செயற்கூறாக, 'இன்லைன்(ஆல்வேஸ்)' குறியோடு இருக்கட்டும். அனுமதி இல்லாததை அனுமதி உள்ளதற்குள் விரிப்பதில் சிக்கல் கிடையாது. விரிந்ததும் அது அங்குள்ள அனுமதியை எடுத்துக்கொள்ளும். அவன் இப்படி மாற்றி எழுதிய பிறகு, இரண்டு வடிவங்களுக்கும் ஒரே 'தூரம்' போதுமானதாகிவிட்டது.

ஜிசிசியில் இதையே தலைகீழாகச் செய்தால், அதாவது அனுமதி உள்ள, கட்டாயம் விரிக்க வேண்டிய ஒன்றை அனுமதி இல்லாத இடத்தில் அழைத்தால், இலக்கு அமைப்புகள் பொருந்தவில்லை, விரிக்க முடியாது என்று கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையைப் பார்த்தால் எல்லைக் கோடு தவறான இடத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சாகாமல் பொய் சொல்லும் ஆணை

132-இல் சாவது நல்ல சாவு. எங்கே தவறு என்று உடனே தெரிந்துவிடும். முன்னால் எத்தனை 0 பிட்டுகள் என்று எண்ணும் எல்இசட்கன்ட் அப்படி அல்ல. அது தெரியாத பழைய சிப்பில் அதைக் கொடுத்தால், சிப் திகைத்து நிற்காது. அந்த ஆணையின் பைட்டுகள், பிஎஸ்ஆர் என்ற பழைய ஆணையின் முன்னால் ஒரு முன்னொட்டு ஒட்டியவை. பழைய சிப் முன்னொட்டைக் கண்டுகொள்ளாமல் பிஎஸ்ஆரை ஓட்டிவிடும். பிஎஸ்ஆர் சொல்வது உச்சியில் உள்ள 1 எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. 64 பிட் எண்ணாக 1-ஐக் கொடுத்தால் எல்இசட்கன்ட்டின் விடை 63. பிஎஸ்ஆரின் விடை 0. இரண்டின் 40-வது அடுக்கைக் கொடுத்தால் ஒன்று 23 என்னும், மற்றது 40 என்னும். பிழைச் செய்தி கிடையாது, சிக்னல் கிடையாது. தவறான எண் அமைதியாகக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சிப்பில் எல்இசட்கன்ட் இருக்கிறதா என்று லினக்ஸில் தேடுகிறவர்கள் சிபியுஇன்ஃபோ கோப்பில் அந்தப் பெயரைத் தேடி ஏமாறுவார்கள். அங்கே அதன் பெயர் 'ஏபிஎம்'.

அதோடு பூஜ்யம் என்ற தனித் தொல்லை. ஜிசிசியின் 'பில்டின்_சிஎல்இசட்'டுக்குப் பூஜ்யத்தைக் கொடுத்தால் விடை வரையறுக்கப்படவில்லை. என்ன வேண்டுமானாலும் வரலாம். ரஸ்ட்டின் 'லீடிங்_சீரோஸ்' பூஜ்யத்துக்கு 64 என்று உறுதியாகச் சொல்லும். அந்த உறுதிக்கான விலையை, எல்இசட்கன்ட் இல்லாத இலக்கில் ஒரு கூடுதல் சோதனையாகக் கட்டுவீர்கள். நான் மகிழ்ச்சியோடு கட்டுவேன்.

சிப் நிறுவனம் வைத்த பெயர்கள்

'எம்எம்256' என்று தொடங்கும் பெயர்கள் ரஸ்ட்டில் 'ஸ்டட்::ஆர்ச்' என்ற பகுதியில் இருக்கின்றன. இவற்றையாவது எழுதினால் எழுதிய ஆணை வரும் என்று நினைப்பீர்கள். உறுதி இல்லை. ரஸ்ட்டின் '_பாப்கன்ட்64'-க்குள் போய்ப் பாருங்கள். கவுண்ட்_ஒன்ஸ்தான் உட்கார்ந்திருக்கும், தலையில் அனுமதியோடு. நான்கு 32 பிட் எண்களை ஒருசேரக் கூட்டும் '_எம்எம்_ஆட்_இபிஐ32' கிளாங்கின் தலைப்புக் கோப்பில் சாதாரணக் கூட்டல் குறியால்தான் எழுதப்பட்டிருக்கிறது. கம்பைலர் அதைப் பிற கணக்குகளோடு சேர்த்துச் சுருக்கலாம், வேறு ஆணையாக மாற்றலாம், விடை முன்பே தெரிந்தால் அழித்தேவிடலாம். ஏவிஎக்ஸ்2-ஐத் திறந்துவிட்டால், பிட் எண்ணும் நீண்ட சுழலில் பாப்கன்ட் மறைந்து, அரை பைட்டுக்கு ஓர் அட்டவணை பார்க்கும் அகன்ற ஆணைகள் வந்து நிற்கலாம். இது குறை அல்ல. அசெம்பிளியை நேரடியாகச் செருகினால் கம்பைலருக்கு அது மூடிய பெட்டி. இன்ட்ரின்சிக் என்றால் உள்ளே பார்த்து மேம்படுத்தும்.

நான் இந்தப் பெயர்களுக்குப் போவது, பொதுவான வரியால் சொல்ல முடியாத ஒன்று இருக்கும்போது மட்டும்: பைட்டுகளை விசித்திரமான வரிசையில் கலைப்பது, அப்படிப்பட்டவை. எங்கள் கைரேகை வேலைக்கு ஒரு முறைகூட தேவைப்படவில்லை. வேறு சிப்புக்குப் போகும்போதும் இது உதவியது. 64 பிட் ஆர்ம் சிப்புகளில் நெடுங்காலம் சாதாரண ரெஜிஸ்டரில் பிட் எண்ண ஆணையே கிடையாது. எண்ணை அகன்ற ரெஜிஸ்டருக்கு மாற்றி, பைட் பைட்டாக எண்ணி, கூட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். கவுண்ட்_ஒன்ஸ் என்று எழுதிய எங்களுக்கு அதை எல்எல்விஎம் செய்து கொடுத்தது.

அளப்பதும் சோதிப்பதும்

என் முதல் அளவீட்டில் பிட் எண்ண ஆன நேரம் 0 நானோநொடி. ஒரு மணி நேரம் பெருமையோடு திரிந்தேன். உள்ளீடு மாறிலி என்பதால் கம்பைலர் விடையை முன்பே கணக்கிட்டு, சுழலையே எடுத்து எறிந்திருந்தது. உள்ளீட்டையும் விடையையும் 'ஹின்ட்::பிளாக்_பாக்ஸ்' வழியாக அனுப்புங்கள். 1.66 முதல் அது நிலையான மொழியில் இருக்கிறது; அதற்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலர் ஊகிக்காமல் இருக்க முயலும்.

சோதனைக்கு, ஒவ்வொரு பிட்டாக நகர்த்தி எண்ணும் மந்தமான வடிவம் ஒன்றை எழுதி வைத்து, அதனுடன் இரண்டு வடிவங்களையும் ஒப்பிடுங்கள். குருட்டாம்போக்கில் எடுத்த எண்களோடு, 0, 1, உச்சி பிட் மட்டும் 1, எல்லாமே 1 ஆகிய நான்கையும் தவறாமல் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, பழைய சிப் பாதையை உண்மையில் ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் கணினியில் பாப்கன்ட் இருப்பதால் அந்தப் பாதை ஒரு நாளும் ஓடியிருக்காது. கியூஎம்யு இதற்கு நல்ல கருவி: 'கியூஎம்யு-எக்ஸ்86_64 -சிபியு கேவிஎம்64' என்று எழுதிப் பக்கத்தில் உங்கள் நிரலின் பெயர். இங்கே ஆணைகளை உண்மையான சிப் நிறைவேற்றுவதில்லை, கியூஎம்யு மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. அதனால் வேடத்தில் இல்லாத பாப்கன்ட் கசிந்தாலும் பிடித்துக் கொன்றுவிடும். எல்இசட்கன்ட்டைப் பழைய சிப்பைப் போலவே பிஎஸ்ஆராக ஓட்டித் தவறான விடை தரும். வாடிக்கையாளரின் மெய்நிகர் கணினியைவிடக் கறாரானது.

தம்பி அதை ஓடவிட்டான். பாப்கன்ட் இல்லை என்று மேக்ரோ சொன்னது, நிரல் 12 கணக்குகளின் பாதையை எடுத்தது, விடைகள் ஒத்துப்போயின. வெளியேறும் எண் 0. "அனுப்பிவிடட்டுமா, அக்கா?" என்றான். கட்டமைப்புக் கோப்பில் நேட்டிவ் என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஒரு முறை தேடச் சொன்னேன். இருந்தது.